படித்தது பதியவே இல்லை

ஆசிரியருக்கு,

கிளிநொச்சியில் பதினோராம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பைதகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் அழகாக நிறுவிக் காட்டிய பெடியன், இப்போது கேள்வியைப் பாதி வாசித்ததும் தொடக்கத்தை மறந்து விழிக்கிறான். கண் சிவந்திருக்கிறது. கேட்டால், "கஞ்சா மூலிகைதானே சேர்" என்கிறான்.

மூலிகைதான், சரி. ஆனால் கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற போதைப் பொருள், மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் குழப்பிவிடுகிறது. படித்தது மறந்துபோவதில்லை, பதியவே இல்லை. மூளை முதிர ஏறத்தாழ 25 வயதாகும், இவனுக்கு 16.

பொலிஸ் பிடித்த கேரள கஞ்சாப் பொதிகளின் படத்தை அடிக்கடி போடுகிறீர்கள். பக்கத்தில் இதையும் நாலு வரி போடுங்களேன். படத்தைப் பெடியள் பார்க்கத் தவறுவதில்லை.

கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.