சட்டக் கல்லூரி மாணவர் விளையாட்டு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மன்றத் தலைவரான பேராசிரியர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் ஐயா அவர்களுக்கும், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழு இரண்டு முறை கூடியது. கேரம், சதுரங்கப் போட்டிகள் ஆகஸ்டில் நடந்தன. ஷட்டில் இரட்டையர் கோப்பையை, பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு வந்த அண்ணன்கள் வாங்கினார்கள். வாலிபால் அணி முதல் சுற்றைத் தாண்டியது. கிரிக்கெட் நடக்கவில்லை. சம்பா அறுவடைக்குப் பிறகு வயல் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். போய்ப் பார்த்தால் எல்லா வயலிலும் உளுந்து முளைத்து நிற்கிறது. அறுப்புக்கு முன்பே தெளித்துவிடுகிறார்கள், அதில் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

கபடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காலிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசி ரெய்டில் நம் ஆள் போனஸ் கோட்டைத் தாண்டினார், பின்கால் அந்தரத்தில் இருந்தது. எதிரணியில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேர் இருந்தால் போனஸ் உண்டு. நடுவர் ஐந்து என்று எண்ணினார். அணித்தலைவர் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினார். எண் போட்ட பத்திகளில் சங்கதிகள், பிறகு வழக்குமூலம், கடைசியில் கோரும் பரிகாரம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனு மன்றக் கோப்பில் இருக்கிறது. டிராஃப்டிங் தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் வாங்கிப் பார்க்கலாம், நல்ல வரைவு.

அந்தப் போட்டியில் இன்னொரு விஷயம். நம் ரெய்டர் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினால் ‘முந்நூற்றிரண்டு!’ என்று கத்துவது நம் கல்லூரி வழக்கம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது, கொலைக்குத் தண்டனை இப்போது பிரிவு 103, ஆகவே ‘நூற்று மூன்று!’ என்றுதான் கத்தவேண்டும் என்று இரண்டாமாண்டினர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பழைய எண்ணில்தான் தொண்டை திறக்கிறது என்று ஐந்தாமாண்டினர் எதிர்த்தார்கள். முடிவு எட்டாமல் இரண்டையும் கத்தினோம். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் இது ஏதோ ரகசியக் கணக்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

இனி பால் பேட்மிண்டன் களம். இந்த ஆண்டு மன்றம் செய்த பெரிய வேலை இதுதான். செலவு ஏன், எதற்கு என்று சிலர் கேட்டிருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் இந்த ஆட்டம் நம் மண்ணில் பிறந்தது. 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். தஞ்சைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் அதற்கு ஒரு களம் இல்லாதது முதலாண்டிலிருந்தே எனக்கு உறுத்தல். அப்புறம் நம் கல்லூரி யாரால் ஆனது என்று பாருங்கள். பாதிக்கு மேல் பெண்கள். மூன்றாண்டுப் படிப்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நாற்பது வயது அண்ணன்களும் இருக்கிறார்கள். கபடி அணி எடுத்தால் இவர்கள் எல்லோரும் கைதட்டத்தான் வரவேண்டும். பால் பேட்மிண்டனில் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் தங்கையும், கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் அண்ணனும் ஒரே பக்கத்தில் நின்று ஆடலாம்.

களம் போடுவதில் கஷ்டம் மண்தான். வண்டல் மண் நெல்லுக்கு நல்லது, ஆட்டத்துக்கு ஆகாது. நனைந்தால் காலை இழுக்கும், காய்ந்தால் வெடித்துக் கணுக்காலை வாங்கும். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சுற்றிலும் ஓட இடம். இத்தனைக்கும் மேல்மண்ணை வெட்டியெடுத்து, கீழே கப்பி பரப்பி, மேலே வல்லம் பக்கத்துச் செம்மண்ணைக் கொட்டினோம். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, மறுபடி தெளித்து மறுபடி ஓட்டி, நடுவைக் கொஞ்சம் உயர்த்தினோம், தண்ணீர் இரண்டு பக்கமும் வடியட்டும் என்று.

2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். பின்பக்க வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் வெட்டு வேலை ஊற்றுத் தண்ணீர் இல்லாமல் முடிந்தது. ஆனால் அதே வறட்சியில் குறுவை போய், வீட்டில் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த தம்பிகள்தான் இங்கே வந்து மண்வெட்டி பிடித்தார்கள். அவர்களை மன்றம் மறக்கக்கூடாது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கும் முன்பே டெல்டாவில் மழை கொட்டியதில் களத்தின் கிழக்கு ஓரம் கரைந்து வாய்க்காலோடு போனது. தை பிறந்த பிறகு அவர்களேதான் வந்து சரிசெய்தார்கள். மாசியில் முதல் ஆட்டம். பெண்கள் அணி மூன்றாண்டு அண்ணன்களை இரண்டு செட்டிலும் வென்றது. அண்ணன்கள் காற்றைக் காரணம் சொன்னார்கள். காற்று இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

மண் சுமந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். திறப்பு விழா போட்டோவில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால் கூட்டம் நாலு மடங்கு. இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வராததற்குப் பலர் சொல்லும் காரணம் வருகைப்பதிவு. அதில் நியாயம் இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கின்றன, தவிர்க்கமுடியாத காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம். மூட் கோர்ட்டை, அதாவது மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தை, அந்த விதி பெயர் சொல்லிக் கணக்கில் எடுக்கிறது. கபடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூட் கோர்ட்டுக்குச் சென்னை போனவருக்கு ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போனதாக வருகைப்பதிவு) உடனே கிடைக்கிறது, முழங்கால் தேய்ந்து திரும்பும் ரெய்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். அணிக்குத் தேர்வானவர்களுக்குப் போட்டி நாள்களில் ஓ.டி. தரவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

சந்தா. ஆண்டுக்கு 150 ரூபாய். நேரில் கேட்கப்போனால் கிடைப்பது வாதம். நோட்டீஸ் முறைப்படி வரவில்லை என்றார் ஒருவர். என் தரப்பைக் கேட்காமல் பாக்கிதாரர் என்று எழுதியது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார் இன்னொருவர். முதலாண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கும் ஐந்தாமாண்டு அண்ணன் ஒருவர், மூன்று வருடம் தாண்டிவிட்டது, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அது கெட்டுப்போன கடன் என்றார். அண்ணன் பெரிய வக்கீலாக வருவார், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அப்படியே இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3) என்ன சொல்கிறது? காலம் கடந்த கடனையும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். பொருளாளரிடம் அப்படி ஒரு தாள் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. செலவில் பெரும்பகுதி செம்மண், டிராக்டர் வாடகை, ரோலர், வலை. மீதி பந்து, ஜெர்சி, போக்குவரத்து, டீ. கையிருப்பு சிறிது உண்டு.

தலைவர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் ஐயாவுக்கும், செம்மண்ணைக் கடனுக்கு இறக்கிய டிராக்டர்காரருக்கும், கம்பம் நட உதவிய தோட்டக்கார அண்ணனுக்கும், தண்ணீர்க் குழாயை எங்களுக்காகத் திறந்துவைத்த அலுவலக ஊழியர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வருவோம். நான் ஐந்தாமாண்டு போகிறேன், செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்கவேண்டும். அவர் வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மழைக்கு முன் களத்தின் கிழக்கு ஓரத்தில் செங்கல் கட்டாவிட்டால் இந்த முறை பாதிக் களம் வாய்க்காலுக்குப் போய்விடும். கையிருப்பு அதற்குப் பத்தாது, பாக்கிச் சந்தா வந்தால் பத்தும். பாக்கிப் பட்டியலை நான் இங்கே வாசிக்கப்போவதில்லை. அது பொருளாளரிடம் இருக்கிறது, அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ஜி.பே.யும் வாங்குவார். படிப்பு முடித்துப் போகும் அண்ணன்மார், அக்காமார் பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் நூலகக் கையெழுத்து வாங்கியதும் அப்படியே அவரிடமும் ஒரு எட்டு வரவேண்டும். பழைய மட்டை இருந்தாலும் கொடுத்துவிட்டுப் போங்கள், நரம்பு அறுந்திருந்தாலும் பரவாயில்லை, கட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
செயலாளர்