சொந்தப் பணம் சொந்தக் கணக்குக்குப் போக வழி விடுங்கள்

ரிசர்வ் வங்கியில் வாலட் (போனில் பணம் போட்டுவைத்துச் செலவழிக்கும் ஆப்) விதிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 மே மாதச் சுற்றறிக்கையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்த வாலட்டுகளுக்கு இடையே பணம் போய்வர வேண்டும் என்றீர்கள், அவற்றில் வைக்கும் பணத்தின் வரம்பை 2 லட்சம் ரூபாய் ஆக்கினீர்கள். 2024 டிசம்பரில் அவற்றை வேறு யுபிஐ ஆப்பில் இணைக்கவும் அனுமதித்தீர்கள். நல்லதுதான். ஆனால் முழு கேஒய்சி முடிக்காத, 10,000 ரூபாய் வரம்புள்ள சின்ன வாலட்டை மட்டும் ஏன் எலிப்பொறி மாதிரி விட்டுவைத்திருக்கிறீர்கள்?

என் அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். ஒரு வாலட்டில் அவருடைய நாலாயிரத்துச் சொச்சம் கிடக்கிறது. பொருள் வாங்கிச் செலவழிக்கலாம், அவ்வளவுதான். தன் வங்கிக் கணக்குக்கோ, அதே போனில் இருக்கும் இன்னொரு வாலட்டுக்கோ மாற்ற முடியாது. சரி, வாலட்டை மூடினால் பணம் வந்த வழியே திரும்பிப் போகும் என்று உங்கள் விதி சொல்கிறதே என்று பார்த்தால், எந்த டெபிட் கார்டிலிருந்து பணம் போட்டாரோ அந்தக் கணக்கையே அவர் எப்போதோ முடித்துவிட்டார். அப்புறம் மிச்சமிருக்கும் வழி முழு கேஒய்சி முடிப்பதுதான். ஆதாரில் பெயரோடு இனிஷியல் இருக்கிறது, பான் கார்டில் இனிஷியல் போட விடமாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பெயர் பொருந்தவில்லை என்று ஆப் தள்ளிவிடுகிறது. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும்.

இதே அக்காவை, இதே பெயரோடு, இதே மொபைல் எண்ணோடு ஒரு வங்கி ஏற்றுக்கொண்டு கணக்கு கொடுத்திருக்கிறது. கேஒய்சி அங்கே முடிந்த விஷயம். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: சின்ன வாலட்டில் உள்ள பணம் அதே ஆளின் வங்கிக் கணக்குக்குப் போக அனுமதியுங்கள். அடுத்தவர் கணக்குக்கு வேண்டாம். கறுப்புப் பண பயம் எனக்கும் புரிகிறது, ஆனால் ஜாக்கெட் தைத்த காசை வைத்து யார் எதை வெள்ளையாக்கப் போகிறார்கள்?

யுபிஐயில் அனுப்பிய பணம் போய்ச் சேராமல், குறித்த கெடுவுக்குள் திரும்பியும் வராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019-லேயே எழுதிவைத்தவர்கள் நீங்கள். இங்கே முடங்கிக் கிடக்கும் பணத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. பணம் போடச் சொல்லி மட்டும் கேஷ்பேக், கேஷ்பேக் என்று ராத்திரி பகலாக நோட்டிபிகேஷன் வருகிறது, எடுக்கப் போனால் பதில் சொல்ல மனிதரே இல்லை, ஒரு சாட்பாட் வருத்தம் தெரிவிக்கிறது. எவ்வளவு பண்பான இயந்திரம்! புகார்களை விசாரிக்கும் உங்கள் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாமே என்பீர்கள். போனால் நிறுவனம் விதிப்படிதான் நடந்திருக்கிறது என்பார்கள். கோளாறே அந்த விதியில்தானே?

கொஞ்சம் காரமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது, சொந்தப் பணம் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகலாம் என்ற ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அதுவரை இனிஷியலும் அப்பா பெயரும் ஒன்றுதான் என்றாவது அந்த நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நன்றி.