படத்தின் பின்பக்கத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய ஓவியங்களின் ஏல விலை பற்றி நம் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியர் வி.எஸ்.கெய்தோண்டே 1961-இல் வரைந்த அரூப ஓவியம் (ஆள், பொருள் என்று எந்த உருவமும் காட்டாத ஓவியம்) 2021-இல் 39.98 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதைத் தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். அந்த மனிதர் தன் படங்களை எந்தெந்த ஊரில், எந்தெந்தச் சுவரில் மாட்டிக் காட்டினார் என்பதற்கு முழுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. சுருக்கிப் போடுவதானால் கோத்தகிரி அக்காவைப் பற்றிய பகுதியை மட்டும் கைவைக்காமல் விடுங்கள்.

குன்னூர் மார்க்கெட் பக்கம் அப்பா காலத்திலிருந்து படங்களுக்குச் சட்டம் போடும் கடை எங்களுடையது. சாமி படம், கல்யாணப் போட்டோ, எஸ்டேட் கால்பந்து அணியின் குரூப் போட்டோ, காலமானவர்களின் படம் எல்லாம் வரும். கேன்வாஸ் ஓவியங்களும் வரும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பழக்கம். கேன்வாஸை இழுத்து அடித்திருக்கும் மரச்சட்டத்தில், ஒவ்வொரு கண்காட்சிக்குப் போகும்போதும் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு, அளவு, எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, எந்தக் கண்காட்சிக் கூடம் என்று அதில் இருக்கும். லாரியில் போயிருந்தால் பெட்டி எண் சாக்பீஸில் இருக்கும். வெளிநாடு போய் வந்திருந்தால் சுங்க முத்திரையும் விழுந்திருக்கும். ஒருவருடைய பத்துப் பதினைந்து படங்களைத் திருப்பிப் போட்டுப் படித்தால், முதல் குழுக் கண்காட்சி எது, தனிக் கண்காட்சி எப்போது கிடைத்தது, எத்தனை வருடம் யாரும் கூப்பிடவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். மரம் உளுத்துச் சட்டத்தை மாற்ற நேர்ந்தால் அந்த லேபிளை மெல்லிய தகட்டால் நெம்பி, கிழியாமல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் புதுச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பேன். 'அழுக்குத் தாள்தானே, கிழிச்சுப் போடுங்க' என்று சொன்னவர்களிடமும் சம்மதம் வாங்கி அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கெய்தோண்டே 1924-இல் நாக்பூரில் பிறந்தவர். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1948-இல் படித்து முடித்தார். 1957-இல் டோக்கியோவில் நடந்த இளம் ஆசிய ஓவியர்கள் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். 1964-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போனார். 1971-இல் பத்மஸ்ரீ. அதன்பின் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, வருடத்துக்கு ஒருசில படங்களே வரைந்து ஒதுங்கி வாழ்ந்தார். இடையில் ஒரு விபத்தால் பெரிய கேன்வாஸ் பக்கமே போகமுடியாமல் சில வருடங்கள் கழிந்தன. 2001-இல் காலமானார். நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது 2014 அக்டோபரில். அவர் போய்ச் சேர்ந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு! நீங்கள் எழுதிய கோடிகளில் அவர் கைக்கு வந்தது எதுவுமில்லை. உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைத்தவை சுவர்கள்தான். ஓவியரைப் பற்றி எழுதும்போது அந்தச் சுவர்களை விட்டுவிட்டால் எனக்கு மனது ஆறுவதில்லை.

அதிலும் அரூப ஓவியத்துக்குச் சுவர் ரொம்ப முக்கியம். முகம் வரைந்த படத்தைப் பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்துக்கு அச்சடித்தாலும் முகம் முகமாகவே தெரியும். கெய்தோண்டே ரோலராலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றி, வழித்து, மறுபடி ஏற்றியவர். அந்த அடுக்குகள் அச்சில் ஏறாது. நேரில் பத்தடி தள்ளி நின்று, பிறகு ஓரடி வரை நெருங்கிப் பார்க்கவேண்டும்.

நம் ஓவியர் ஆதிமூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் வந்த கோடுகளும் நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பத்திரிகைத் தாளே அந்தக் கோடுகளுக்குச் சுவராக இருந்தது. அவரே பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் பெரிது பெரிதாக அரூபமாக வரைந்தார். அந்தப் படங்களை நேரில் பார்த்த தமிழர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2008-இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளோடும் கோட்டோவியங்களைத்தான் அதிகம் பார்த்தேன். எனக்கு அது பெரிய வருத்தம்.

இப்போது கோத்தகிரி அக்கா. நான் சட்டம் அடித்துக் கொடுக்கும் ஓவியர்களில் அவர் ஒருவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அரூப ஓவியம்தான் வரைகிறார். அவர் படங்களின் பின்பக்கத்தில் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, சோழமண்டலம் ஓவியர் கிராமம், பெங்களூரு, டெல்லி, பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி கொச்சியில் நடந்த பருவத்தில் அங்குள்ள மட்டாஞ்சேரி என்று லேபிள்கள் இருக்கின்றன. 643 என்று தொடங்கும் நம் மாவட்டத்துப் பின்கோடு ஒரே இடத்தில்தான் வருகிறது. 'திருப்பி அனுப்பவேண்டிய முகவரி' என்ற வரிக்குக் கீழே. இத்தனை வருடத்தில் அவருடைய படம் ஒன்றுகூட இந்த மலையில் பொதுமக்கள் நுழையும் ஓரிடத்தில் மாட்டப்படவில்லை. தனியார் விடுதிகள் சில கேட்டு வாங்கி வரவேற்பறையில் மாட்டியதுண்டு. அங்கே நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

ஒரு கண்காட்சிக்குப் படம் அனுப்புவது லேசான காரியம் இல்லை. ஐந்தடிக்கு நாலடிப் படம் என்றால் முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் பபிள் ராப், மூலைகளுக்கு அட்டை, பிறகு பலகைப் பெட்டி. வேனில் மேட்டுப்பாளையம் இறக்கி, அங்கிருந்து பார்சல் லாரியில் ஏற்றவேண்டும். செலவு பெரும்பாலும் ஓவியர் கையிலிருந்துதான். விற்றால் பாதி வரை கூடத்துக்குப் போகும். விற்காவிட்டால் திரும்பி வரும் வாடகையும் அவர் தலையில். ஒருமுறை வெளியூர்க் கூடம் ஒன்று, பெட்டிக்குச் செலவாகும் என்று கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி அனுப்பியது. சுருட்டத்தான் வேண்டுமென்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டவேண்டும். அவர்கள் உட்பக்கமாக இறுக்கிச் சுருட்டியிருந்தார்கள். என் கடை மேசையில் வைத்துப் பிரித்தபோது வண்ணம் நடுவில் குறுக்கே வரிவரியாக வெடித்திருந்தது. அக்கா பக்கத்தில்தான் நின்றார். திட்டவில்லை. 'லேபிள் இருக்குதா பாரு தம்பி' என்று மட்டும் கேட்டார். சட்டத்தோடு லேபிளும் போயிருந்தது.

'இதெல்லாம் இங்கே யாருக்குப் புரியும்' என்று சொல்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்லவேண்டும். அக்காவின் சாம்பல் நிறப் படம் ஒன்றை ஆணியடித்து முடித்துக் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர், இறந்துபோன மகனுடைய போட்டோவுக்குச் சட்டம் போட வந்தார். நான் அளவு எடுத்து முடிக்கும் வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், 'இதுக்கு அடியில முழுக்கச் செவப்பு இருக்குதுங்களா?' என்று கேட்டார். கேன்வாஸ் மடங்கும் ஓரத்தில் நூல் அளவுக்குச் சிவப்பு தெரிந்ததை அவர் கவனித்திருக்கிறார். ஆமாம், முதலில் முழுக்கச் சிவப்பு பூசித்தான் மேலே சாம்பல் ஏற்றியிருக்கிறார் என்றேன். 'அதானே, சும்மா சாம்பலா இருந்தா இவ்வளவு சூடு இருக்காது' என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். தன் படத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை என்று மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வெளியூர்க் கையேடுகளில் அவருடைய சாம்பலை 'நீலகிரியின் மூடுபனி' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பனியை வரைந்ததில்லை. தினமும் பனிக்குள்ளேயே வேலைக்குப் போய்வரும் நம் ஆட்களுக்கு அந்தக் குழப்பம் வராது, வண்ணத்தை வண்ணமாகவே பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை. தோடர் பழங்குடிப் பெண்கள் தைக்கும் பூத்துக்குளி சால்வை நம் கண்ணெதிரே இருக்கிறது. வெள்ளைத் துணியில் வரைபடம் எதுவும் போட்டுக்கொள்ளாமல், இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாகத் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது எதனுடைய படம் என்று கேட்டுவிட்டா நாம் அதை ரசிக்கிறோம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதக் கோடை விழாவில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, எங்கள் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி என்று நடத்துகிறார்கள். குடும்பத்தோடு போய்வருகிறேன், பிடிக்கும். அதே விழாவில் இந்த மாவட்டத்து ஓவியர்களுக்கு ஒரு அறை ஒதுக்க மாவட்ட நிர்வாகம் மனது வைக்கவேண்டும். பூங்காவில் பந்தல் போட்டு மாட்ட முடியாது. ஓதம் ஏறாத சுவரும் பூட்டு உள்ள கதவும் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் கேன்வாசுக்கு நல்லது. 70-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், கேன்வாஸும் தொய்யும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் தொய்ந்த கேன்வாஸ்களுக்கு மூலை ஆப்பைத் தட்டி இறுக்கியே என் பொழுது போய்விடும். மே மாதத்தில் அந்தத் தொல்லை குறைவு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் வரும்படி மாட்டி, மஞ்சள் குழல்விளக்கை மாற்றி நல்ல வெள்ளை விளக்குப் போட்டால் போதும். பள்ளிகள் திறந்தபிறகும் ஒரு வாரம் நீட்டித்தால் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவரலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. மாவட்டப் பக்கத்தில் மின்தடை, கோயில் விழா, விளையாட்டுப் போட்டி எல்லாம் தேதி போட்டு வருகின்றன. நம் பகுதி ஓவியர் ஒருவர் எந்த ஊரில் கண்காட்சி வைத்தாலும் அதையும் போடுங்கள். எத்தனைக்கு விற்றது என்பது பிறகு. எந்தக் கூடம், எத்தனை படங்கள், எந்தத் தேதி வரை, யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஒருவர் போய் நேரில் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது.

மாவட்ட நிர்வாகம் அறை கொடுத்தால், சட்டம் போடுவதும் ஆணியடித்து மாட்டுவதும் என் பொறுப்பு. கூலி வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒட்ட லேபிளையும் நானே அச்சடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
படச்சட்டக் கடைக்காரர்,
குன்னூர்.