சிலேடைக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் தமிழ்ச் சொற்களை வைத்தே விளையாடும் ஒரு சித்திரத் துணுக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கப் பத்திரிகைகளில் வரும் 'ஃபிராங்க் அண்ட் எர்னெஸ்ட்' துணுக்கை ரொம்ப நாளாகக் கைப்பேசியில் படித்து வருகிறேன். பாப் தேவ்ஸ் 1972இல் தொடங்கியது, 2006இல் அவர் இறந்த பிறகு மகன் டாம் தேவ்ஸ் தொடர்கிறார். பெரும்பாலும் ஒரே நீளக் கட்டம், நெட்டையாக ஒருவர், குட்டையாக ஒருவர், அவ்வளவுதான். பெயர்களிலேயே சிலேடை: காதால் கேட்டால் ஒளிவுமறைவில்லாதவர், மனதாரப் பேசுபவர் என்று ஆங்கிலத்தில் பொருள் வரும். ஹாலிவுட் நடன ஜோடியில் ஃபிரெட் அஸ்டேர் ஆடியதையெல்லாம் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஆடினார், அதுவும் குதிகால் உயர்ந்த செருப்போடு பின்பக்கமாக, என்று உலகமே எடுத்துச் சொல்கிறதே, அது 1982இல் இந்தத் துணுக்கில் வந்த வசனம். படம் மறந்துபோய் சொல் மட்டும் ஊர் சுற்றுகிறது பாருங்கள்.

அரசியல் கேலிச்சித்திரம் அந்த அமைச்சர் போனதும் பழசாகிவிடும், பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அப்படியில்லை, மொழி புழங்கும் வரை அதுவும் இருக்கும். அப்புறம் இரண்டாவது பொருளை யாரும் வரைந்து காட்டுவதில்லை, நமக்கே சட்டென்று பொறி தட்ட வேண்டும், அந்த ஒரு நொடிக்காகத்தான் மறுநாளும் அதே பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இதில் நமக்கென்ன குறைச்சல்? 15ஆம் நூற்றாண்டிலேயே காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திக் காட்டிவிட்டார். இரண்டும் தோல் உரியும், இரண்டும் சிவன் முடிமேல் இருக்கும், பாம்பின் பல் பட்டால் உயிர் மீளாது, நம் பல் பட்டால் பழம் மீளாது!

நம் மலேசிய ரப்பர்த் தோட்டத்துத் தமிழிலோ சிலேடை கொட்டிக் கிடக்கிறது. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அம்மாமார் காலமெல்லாம் மரம் வெட்டினார்கள், ஒரு மரம்கூடச் சாயவில்லை; ரப்பர்ப் பால் எடுக்க மரத்தைச் சீவுவதைத்தான் இங்கே 'மரம் வெட்டுவது' என்போம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு இதைச் சொன்னால் விழிப்பார். சாலையோர ஒட்டுக்கடையில் இரண்டு பேரை உட்கார வைத்து, "பால் விலை ஏறிப்போச்சு" என்று ஒருவரைச் சொல்லவிடுங்கள். பால்மரக்காரர் சிரிப்பார், தேத்தண்ணி கலக்குபவர் தலையில் கை வைப்பார். மலாயும் கலந்தால் இன்னும் வளம், தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை யாராவது கோழிக்கூடு என்று நினைத்துக்கொள்ளலாம், மலாயில் 'ஆயாம்' என்றால் கோழி. இதையெல்லாம் வெளியூரிலிருந்து வாங்கிப்போட முடியாது, இங்கே பிறந்து வளர்ந்தவர்தான் எழுத வேண்டும்.

'கடி ஜோக்' என்று சிலர் ஒதுக்குவார்கள். ஒதுக்கட்டும். தலையில் அடித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் அதைப் படித்துக் காட்டுவதும் அவர்கள்தான், வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

ஓவியர் கிடைக்கவில்லையென்றால் முதலில் வசனத்தை மட்டும் வாசகர்களிடம் கேளுங்கள், வந்து குவியும். ஒரே ஒரு வேண்டுகோள், தயவுசெய்து அதைச் சிறுவர் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எங்கே போட்டாலும் தேடிப் படிப்பார்கள். எங்களைப் போன்ற பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்