பதுங்குகுழிக்கு முந்தைய மூன்று மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் உலகப் போர் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டை நடந்த மேற்கு முனையில் படைகள் முதல் நாளிலிருந்தே பதுங்குகுழிகளில் கிடந்ததுபோலச் சொல்கிறது. அது சரியல்ல. 1914 ஆகஸ்டில் திறந்த வெளியில்தான் மோதிக்கொண்டார்கள். சிவப்புக் கால்சட்டை அணிந்த பிரெஞ்சு வீரர்கள் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே ஓடினார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் அவர்களில் சுமார் 27,000 பேர் மாண்டார்கள். பதுங்குகுழிகள் வெட்டப்படுவதற்கு முன்பே நடந்தது இது! செப்டம்பரில் பிரான்சின் மார்ன் ஆற்றங்கரையில் தடுக்கப்பட்ட ஜெர்மானியர், எய்ன் ஆற்றுக்கு வடக்கே மேட்டில் ஏறி மண்ணைத் தோண்டினார்கள். அப்புறம் இரு தரப்பும் ஒன்றையொன்று வடக்கே சுற்றி வளைக்கப் பார்த்து, கடல்வரை போய், பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே முட்டி நின்றன. உயிர் தப்ப வெட்டிய குழிகள்தான் வட கடலிலிருந்து சுவிஸ் எல்லைவரை நீண்ட போர்முனையாயின.

பள்ளியில் வரலாறு நடத்திய ஆண்டுகளில், 'ஏன் குழிக்குள் போனார்கள்?' என்று மாணவர்கள் கேட்காத வருடமே இல்லை. ஆகஸ்ட் சண்டைகளைச் சொல்லாமல் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. எனவே கட்டுரையின் அடுத்த பகுதியில், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை போர்முனை நகர்ந்த வரைபடத்தை வெளியிட வேண்டுகிறேன். செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, அக்டோபரிலேயே ஈப்ர் பகுதிக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இடம்பெறட்டும்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்