சதுப்புநிலப் பூங்காவில் தோட்டத்து மக்களுக்கு ஒரு பலகை: கோரிக்கை மனு

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பெர்படானான் புத்ராஜெயா (புத்ராஜெயா நகர நிர்வாகம்),
புத்ராஜெயா.

பொருள்: சதுப்புநிலப் பூங்காவில் பழைய ரப்பர் தோட்டங்களின் வரலாற்றுப் பலகை வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டால் என் பிள்ளைகள் முதலில் கேட்பது உங்கள் சதுப்புநிலப் பூங்காவைத்தான். வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு, மர நிழலில் பாய் விரித்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரிப்போம். சென்ற முறை அம்மாவையும் அழைத்து வந்தேன். நாணலுக்குள்ளிருந்து ஒரு கானாங்கோழி வெள்ளை மார்பைக் காட்டி எட்டிப் பார்த்தது. பிறகு வாலை வெடுக்கென்று ஆட்டியபடி பாதையைக் கடந்து ஓடியது. தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் இதே கோழி குஞ்சுகளோடு ஓடும் என்றார் அம்மா. எந்தத் தோட்டம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அம்மா தரையைக் காட்டினார்.

பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே தோட்டங்கள் இருந்த மண்ணில்தான் புத்ராஜெயா எழுந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921-இல் தொடங்கியது பிராங் பெசார். அங்கே உருவான பிபி 86 ரப்பர் இனம் இலங்கை, கேரளம் வரை போயிற்று. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்று, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள் எங்கள் பெற்றோர். 1990-களில் அவர்கள் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஏரிக்குப் போகும் நீரை நாணலும் கோரையும் வடிகட்டட்டும் என்று 24 பகுதிகளாக இந்த ஈரநிலத்தை வெட்டி அமைத்த உழைப்பை நான் மதிக்கிறேன். செந்நாரை வந்து நிற்கும் அளவுக்கு அது செழித்திருப்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்த நடைபாதை ஓரத்திலேயே, நான்கு தோட்டங்களின் பெயரும் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் கதையும் மலாயிலும் தமிழிலும் இடம்பெறும் ஒரு பலகையை வைத்துத் தருமாறு வேண்டுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, பறவை பார்க்க வரும் குடும்பங்களோடு அந்தத் தோட்டத்து முதியவர்களும் நடந்து தங்கள் நினைவுகளைச் சொல்ல ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. அவர்கள் நடக்கும் தூரத்திற்கு இடையிடையே நிழலோடு இருக்கைகள் வேண்டும்.

அங்கே ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த பலர் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டுக்குள் முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலகையில் எழுத வேண்டிய விவரங்களை அவர்களிடம் கேட்டுத் தொகுத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மனுவின் மலாய் மொழிபெயர்ப்பையும், பிரட்டுக்களத்தில் அம்மா நிற்கும் பழைய படத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பிராங் பெசார் தோட்டத் தொழிலாளியின் மகள்,
டெங்கில், சிலாங்கூர்.