வாசலில் ஒரு முழம் மண் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் இப்போது புது வீடு கட்டுபவர்கள் மதில் முதல் மதில் வரை சிமென்ட் பூசுகிறார்கள், அல்லது டைல்ஸ் பதிக்கிறார்கள். அதனால் முதலில் காணாமல் போவது, புழுதியில் குழி பறித்து அதில் சறுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் சிறு பூச்சிப்புழுவான குழியானை. சாரல் படாத, மாவு போன்ற புழுதியில்தான் அது குழி பறிக்கும். சன்ஷேடுக்குக் கீழே, சுவரை ஒட்டி ஒரு முழ அகலம் மண் விட்டாலே போதும்.

பிள்ளைகளுக்குக் காட்டக் கோடை விடுமுறைதான் நல்ல காலம். மழை விழுந்து மண் இறுகினால் குழி நிற்காது. குழியின் ஓரத்தை ஈர்க்குச்சியால் லேசாகச் சீண்டினால், எறும்பு சறுக்குகிறது என்று அடியிலிருந்து மண்ணை வாரி இறைக்கும். பிடிக்க வேண்டுமானால் குழிக்கு இரண்டு அங்குலம் கீழே கரண்டியை விட்டு, ஒரே வீச்சில் அள்ளி வெள்ளைத் தாளில் பரப்புங்கள். செத்ததுபோல் கிடப்பதால் பலர் வெறும் மண் என்று கொட்டிவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்தால் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கும்.

டம்ளரிலும் வளர்க்கலாம். மாவுச் சல்லடையில் சலித்து வெயிலில் காயவைத்த மண் இரண்டு அங்குலம் இருக்கட்டும். பருமணலில் சரிவு அமையாது. டம்ளருக்கு ஒன்றுதான் விட வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மூன்று நாளுக்கு ஒரு சிற்றெறும்பு போதும். பல நாளாகக் குழியே இல்லையென்றால் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே கொண்டைக்கடலை அளவு மண்ணுருண்டையாகக் கூடு கட்டியிருக்கும். உடனே ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தும்பி போன்ற பூச்சி வெளிவந்து, அதில் ஏறித்தான் சிறகை விரிக்கும். ஏற இடமில்லாவிட்டால் சிறகு கசங்கிப்போகும். தும்பிக்கு உணர்கொம்பு மயிரளவுதான். இதற்கோ நீண்டு, நுனி தடித்திருக்கும்.

குளியலறைச் சுவரில் வெள்ளரி விதை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துணுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் நினைப்பதுபோல் அது சிமென்ட் பிசிறு அல்ல, ஓர் அந்துப்பூச்சியின் புழு கட்டிய கூடு. இரு முனையிலும் வாசல் உண்டு. ஒட்டடையும் உதிர்ந்த முடியும் அதற்கு உணவு. ஒட்டடை அடித்தாலே குறைந்துவிடும், மருந்து தேவையில்லை.

மலையடிவாரத்து மாந்தோப்புகளில் முசுறு எறும்புகளுக்கிடையே கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடத்தில் உள்ள சிலந்தி. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டும்!

தொடக் கூடாத ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் விளக்குக்கு வரும், ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஆரஞ்சும் கறுப்புமான ஆசிட் பூச்சி. அது கடிக்காது, கொட்டாது. தோலில் வைத்து நசுக்கினால்தான் அதன் நீர் பட்டு, ஒரு நாள் கழித்துக் கொப்புளம் வரும். ஊதிவிடுங்கள், அல்லது தாளில் ஏந்தி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

வாசகர்கள் எடுக்கும் இத்தகைய சிற்றுயிர்களின் படங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாரம் ஒரு மூலை ஒதுக்க வேண்டும். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.